மனையுறை சாரை: ஈழத்தில் நஞ்சிலாப் பாம்பு பேணிய வரலாறு

நாய், பூனை, கிளி, மைனா முதலியவற்றை மனிதர் வீட்டில் வளர்த்த வரலாறு பலரும் அறிந்ததே. பாம்பு வளர்த்த வரலாறு அத்துணை அறியப்பட்டதன்று. பாம்பு வளர்ப்பு என்றவுடன் மகுடியும் கூடையுமாக ஊர்தோறும் திரியும் பாம்பாட்டியே நினைவுக்கு வருவான். அவன் கூடையில் இருப்பது நாகம். அது அவனுக்குப் பிழைப்புக் கருவியேயன்றி வளர்ப்புயிர் அன்று. நஞ்சில்லாத பாம்பொன்றைப் பிழைப்பு நோக்கமின்றி, கூட்டில் அடைக்காமல், வீட்டாருள் ஒன்றாகக் கருதி உணவூட்டிய வழக்கம் ஈழத்தில் இருந்ததா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இருந்தது என்பதற்குக் கண்ணாற் கண்டவர் ஒருவரின் சான்று உளது. அச்சான்றைத் தந்தவர் யாழ்ப்பாணத்தோடு நெருங்கிய தொடர்புடையவர் என்பது தமிழ் மாணவர்க்குச் சுவை பயப்பதாம்.

யோகான் கிறித்தோப் வொல்ஃப் என்னும் ஜேர்மனியர் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஊழியராக ஈழத்துக்கு வந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இங்கு வாழ்ந்து, யாழ்ப்பாணப் பட்டினத்தில் முதன்மைச் செயலாளர் பதவிவரை உயர்ந்தார். தாயகம் மீண்டபின் அவர் எழுதிய நூல் 1782 இல் ஜேர்மன் மொழியிலும் 1785 இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் வெளிவந்தது. அந்நூலிலே, இந்நாட்டார் ஒருவர் வீட்டில் தாம் கண்ட காட்சியொன்றை அவர் விவரிக்கின்றார். உணவு வேளையில் வீட்டுக்காரர் தம் பாம்பை அழைத்தார். அவர்கள் இருவரும் அமர்ந்திருந்த இடத்துக்கு மேலேயுள்ள கூரையிலிருந்து அது இறங்கி வந்தது. வீட்டுக்காரர் தம் கலத்திலிருந்தே உணவெடுத்து, அதற்கென விரித்த இலையில் வைத்தார். பாம்பு தானாகவே அதனை உண்டது. உண்டு முடிந்ததும் அதற்கு முத்தம் ஒன்று ஈந்து, வளைக்குப் போகும்படி பணித்தார். இவ்வளவே செய்தி. எண்பது ஆண்டுகள் கழித்து, 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேசன் தெனன்ற் தமது இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இதனை எடுத்தாண்டு, அப்பாம்பு சாரை என்றே கொண்டார். பின்வந்தோர் பலரும் தெனன்ற் வாயிலாகவே இதனை அறிந்தனர்.

கண்டவர் சொல்லாயினும் ஆராய்ந்தே கொள்ளுதல் வரலாற்று மாணவர் கடன். இச்செய்தியில் முதற்கண் ஐயம் விளைப்பது அந்த இலை. ஆங்கில மொழிபெயர்ப்பிலே அது அத்தி இலை எனப்படுகின்றது. அத்தியிலையில் உணவு படைக்கும் வழக்கம் நம்மவரிடம் இல்லை. ஆனால் அக்காலத்து ஐரோப்பியர் வாழைப்பழத்தை ‘இந்திய அத்தி’ என்றும் ‘ஆதாமின் அத்தி’ என்றும் வழங்கினர் என்பதை நினைவுகூர்ந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். விரிக்கப்பட்டது வாழையிலையே என்பதில் ஐயமில்லை. கட்டுக்கதை புனைவோர் இத்தகைய சிறு செய்திகளில் வழுக்கி விழுவர். வொல்ஃப் இங்கு தாம் கண்டதைத் தம் நாட்டுச் சொல்லால் எழுதினார் என்பது தெளிவாகலின், இவ்விலையே அவர் சொல்லுக்கு உறுதி சேர்க்கின்றது.

இரண்டாவது, உணவு. பாம்பு சோறுண்ணாது, மரக்கறியும் உண்ணாது. சாரையின் இயற்கை உணவு எலி, தவளை, பல்லி, ஓணான், பறவைக் குஞ்சு என்பன. ஆகவே வீட்டுக்காரரின் கலத்தில் மீனோ இறைச்சியோ இருந்திருத்தல் வேண்டும். இறந்த இரையைப் பாம்பு தொடாது என்பர் சிலர். விலங்குக் காட்சிச்சாலைகளில் இறந்த எலியையும் ஏற்கப் பாம்புகள் பழக்கப்படுகின்றன. பாலூற்றுங் கதை இச்செய்தியில் இடம்பெறாமை குறிப்பிடத்தக்கது. பாம்பு பால் குடிக்கும் என்பதும், சாரை பசுவின் காலைச் சுற்றி மடியில் பாலுறிஞ்சும் என்பதும் நாடெங்கும் வழங்கும் கதைகள். பாம்பின் வாயமைப்பு உறிஞ்சுதற்கு ஏற்றதன்று. வொல்ஃப் கேள்விப்பட்டதை எழுதியிருந்தால் பாலே வந்திருக்கும்.

மூன்றாவது, அழைத்ததும் வந்தமை. பாம்புக்குப் புறச்செவி இல்லை. எனினும் உட்செவி உண்டு. நிலத்தின் அதிர்வையும் தாழ்ந்த ஓசைகளையும் அது உணரும். நாள்தோறும் ஒரே வேளையில் அடிவைப்பின் அதிர்வும் மீனின் மணமும் சேர்ந்து வருமாயின், அவ்வேளைக்கு அது வெளிவரப் பழகுதல் இயல்பே. வீட்டுக்காரர் அழைத்தது விருந்தினருக்காக. பாம்பு வந்தது மணத்துக்காக. முத்தமும் அவ்வாறே போலும். ஒல்லாந்த அரசின் பெரிய அலுவலர் ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்க, வீட்டுக்காரர் சிறிது வேடிக்கை காட்டியிருந்தால் அதில் வியப்பில்லை.

இனி, அப்பாம்பு சாரையே எனத் தெனன்ற் கொண்டது தக்கதா? தக்கதே. கூரையில் வாழ்வது, பகலில் இரை தேடுவது, மனிதர் குடியிருப்பை அண்டித் திரிவது ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்துவது சாரைக்கே. சிங்களத்தில் இதனைக் ‘கெரண்டியா’ என்பர். ஆறடிக்கு மேலும் வளர்வதாகலின் இதனைச் சிறுபாம்பு என்றல் சாலாது. ஆனால் நஞ்சு சிறிதும் இல்லை. பிடித்தால் கழுத்தைப் புடைத்து உறுமும், கடித்து இரத்தமும் வரச் செய்யும், உயிருக்குத் தீங்கில்லை. பூனை எலியை வாயிலில் காத்திருந்து பிடிக்கும். சாரையோ வளைக்குள்ளேயே நுழைந்து குஞ்சுகளையும் விழுங்கிவிடும். உழவன் வீட்டில் அதன் பெறுமதி இதுவே.

கண்டி நாட்டில் இப்பாம்பு எவ்வாறு அறியப்பட்டிருந்தது என்பதற்கு வொல்ஃபுக்கும் நூறாண்டு முற்பட்ட சான்று உண்டு. 1660 இல் கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், இரண்டாம் இராசசிங்கன் ஆட்சியில், கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினார். அவர் நூல் 1681 இல் வெளிவந்தது. மலைப்பாம்பு, நாகம், பொலங்கா என்னும் விரியன், கரவலா ஆகியவற்றைக் கூறியபின், கெரண்டியையும் அவர் பெயர் சுட்டி, அது நஞ்சற்றது என்றும் தொகையில் மிகுந்தது என்றும் எழுதினார். இது அவரே கண்டுபிடித்த உண்மையன்று. அயலவரான சிங்கள மக்கள் அவருக்குக் கூறிய அறிவு. நஞ்சுள்ளதையும் இல்லாததையும் பெயரால் பிரித்தறிந்த ஊரிலேதான் பாம்பு கூரையில் குடியிருக்க இடம்பெறும்.

நொக்ஸ் திரிந்த அந்நாட்டிலே, கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் உள்ளது அக்குறணை. யாழ்ப்பாணம்வரை செல்லும் பெருந்தெருவும் அதுவே. தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் வணிகவூர் அது. அவ்வூர் முஸ்லிம்களின் தோற்றத்தை இராசசிங்க மன்னனிடம் வந்த அராபியர் மூவரோடு இணைத்துக் கூறும் மரபுரையும் உண்டு. அம்மரபுரையை ஏற்பின், அவ்வூரின் தொடக்கம் நொக்ஸ் சிறையிருந்த காலத்தோடு ஒட்டியதாகும். பலாவும் கமுகும் மிளகுக் கொடியும் சாதிக்காயும் கராம்பும் ஒன்றின்மேல் ஒன்றாய் அடர்ந்த கண்டிப் பாங்கான வீட்டுத்தோட்டங்கள் அங்கு மலைச்சரிவெங்கும் உள்ளன. இத்தகைய தோட்டம் எலிக்கும் அணிலுக்கும் விருந்து. ஆதலின் சாரைக்கும் விருந்து. நெல்லைக் களிமண் பூசிய குதிர்களிலே சேமித்து, வைக்கோலால் கூரை வேய்ந்த அக்காலத்துக் கண்டி வீட்டில் சாரை அழையாமலே வரும் விருந்தாளி என்று கொள்ளலாம்.

எலியின் கொடுமை எத்துணைப் பெரிதாயிருந்தது என்பதற்குக் கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலம் நல்ல சான்று. கண்டியைச் சூழ்ந்த காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. காட்டிலே நெலு என்னும் செடியின் விதையைத் தின்று வாழ்ந்த எலியினம் ஒன்று, நெலு பட்டுப்போன ஆண்டுகளில் தோட்டங்களின்மேல் படையெடுத்தது. தன் எடையைத் தாங்காத மெல்லிய கிளைகளை அது கொறித்து வீழ்த்திவிட்டு, நிலத்திலிருந்தபடியே அரும்பையும் பூவையும் உண்ணுமாம். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் கொல்லப்பட்டதுண்டு எனத் தெனன்ற் எழுதினார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அவ்வெலியைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்றும், எலி மிகுந்த தோட்டங்களையே விரும்பினர் என்றும் அவர் கூறுவர். விருப்பம் என்று அவர் எழுதியதைப் பசி என்று படிப்பதே பொருத்தம். காட்டை வெட்டியவர்கள் எலியின் பகைவர்களையும் சேர்த்தே அழித்தனர் என்பது அவர் காலத்தில் எண்ணிப் பார்க்கப்படவில்லை.

அச்சத்தை அறிவால் அளக்க முயன்றவர் யோன் டேவி. வேதியியல் அறிஞர் அம்பிரி டேவியின் தம்பியாகிய இவர் 1816 முதல் 1820 வரை இலங்கையில் படை மருத்துவராயிருந்தார். கண்டி இராச்சியம் வீழ்ந்த சில ஆண்டுகளுள் அந்நாட்டைக் கண்டு, 1821 இல் தம் நூலை வெளியிட்டார். தாம் ஆராய்ந்த இருபது பாம்பினங்களில் நான்கே நஞ்சுள்ளவை என்றும், அவற்றிலும் மனிதன் உயிரைப் போக்கக்கூடியவை நாகமும் விரியனும் ஆகிய இரண்டே என்றும் அவர் முடிபு செய்தார். கரவலாவை அவர் குறைத்து மதித்தார் என்பது பிற்கால மருத்துவம் கண்ட உண்மை. எனினும் பெரும்பாலான பாம்புகள் தீங்கற்றவை என்ற அவரது முடிபு இன்றும் நிலைக்கின்றது.

வீட்டுள் வந்த பாம்பை உடனே கொல்லாதிருக்கும் பொறை இந்நாட்டு மக்களுக்கு எங்கிருந்து வந்தது? சமயமே அதற்கு விடை. சைவர்க்கு நாகம் தெய்வம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலும் யாவரும் அறிந்தவை. சாரைக்குத் தனிக்கோயில் இல்லையெனினும், அது நாகத்தின் துணை என்ற நம்பிக்கையால் அதற்கும் ஓரளவு காப்புக் கிடைத்தது. சாரையும் நாகமும் பிணைந்தாடும் எனக் கருதப்படுவது உண்மையில் இரண்டு ஆண்சாரைகளின் மற்போர். நம்பிக்கை பிழையாயினும், அதனால் பிழைத்த சாரைகள் பலவாகும். பௌத்தர் ஓதும் பரித்தங்களுள் ஒன்று, பாம்பினத்தின் நான்கு அரச குலங்களுக்கும் அன்பு செலுத்துவது. பாம்பு கடித்து இறந்த துறவி ஒருவரை முன்னிட்டுப் புத்தர் அருளியதாகக் கூறப்படும் அப்பரித்தத்தில் எலியுங்கூட இடம்பெறுகின்றது. பாம்பு தொல்லையாகிவிட்டால் அதனைப் பனையோலைக் கூடையில் இட்டு ஆற்றில் மிதக்கவிடும் வழக்கத்தையும் தெனன்ற் குறித்துள்ளார். முஸ்லிம்களிடையே, மதீனாவின் வீடுகளிற் காணப்படும் பாம்பை உடனே கொல்லாது மூன்று நாள் எச்சரித்து விடுமாறு நபிகள் நாயகம் அவர்கள் பணித்ததாக ஹதீஸ் தொகுப்புகள் கூறும். அவ்விதி மதீனாவுக்கு மட்டும் உரியதா, எங்கும் உரியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், அக்குறணைச் சுற்றுப்புறத்திலே அடுத்தடுத்து வாழும் மூன்று சமயத்தாரும் வீட்டுப் பாம்புக்குச் சிறிது தவணை கொடுக்கக் கற்றவர்களே.

சாரை பேணியதையும் நாகம் பேணியதையும் ஒன்றாக எண்ணுதல் தவறு. இலங்கையின் பெருந்தெருக்களை அமைத்த மேஜர் ஸ்கின்னர் 1858 இல் தெனன்றுக்கு எழுதிய மடலில், நீர்கொழும்புக்கு அருகே செல்வர் ஒருவர் வீட்டில் நாகங்கள் நாய்க்குப் பதிலாகக் காவலுக்கு விடப்பட்டிருந்தன எனத் தெரிவித்தார். வீட்டில் எந்நாளும் பெரும்பணம் இருந்தது, நாகங்கள் உள்ளும் புறமும் ஊர்ந்தன, கள்வர் அஞ்சினர், வீட்டாருக்குத் தீங்கு நேரவில்லை. தெனன்ற் இதனை வொல்ஃபின் செய்தியினும் வியப்பானதாகக் கருதி அதனோடு சேர்த்தெழுதினார். ஆயின் ஒன்றில் பாம்பின் பயன் அதன் நஞ்சு. மற்றதில் அதன் பசி. ஒன்று செல்வர் வீட்டு அச்சம். மற்றது விருந்தினர் முன்னும் மறைக்கப்படாத வீட்டு வழக்கம். ஸ்கின்னரின் செய்தி இன்னும் மிகுந்த ஐயத்தோடு கொள்ளத்தக்கது. கள்வரைத் தடுக்கப் பாம்பு வேண்டியதில்லை. பாம்பு உண்டென்ற பேச்சே போதும்.

நஞ்சற்ற பாம்பை வீட்டில் பேணுதல் ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் வடகிழக்கில் உள்ள லிதுவேனியாவில் ‘சால்த்திஸ்’ எனப்படும் சிறு புல்வெளிப் பாம்பு வீட்டுக்கு நலந்தருவதாக எண்ணி மூலையில் இடங்கொடுத்து உணவிடப்பட்டது. அந்நாடு 1387 இல் கிறித்தவம் தழுவியபின்னும் அவ்வழக்கம் நீடித்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சென்ற சமயப்பணியாளர் ஒருவர், வீட்டுத் தலைவர் ஒவ்வொருவரும் தத்தம் பாம்புக்கு உணவிட்டதைக் கண்டு கூறினார். அவரிடம் கேட்டெழுதியவர் பின்னாளில் பாப்பரசரான பிக்கொலோமினி. பொம்பேயிச் சுவரோவியங்களிலும் வீட்டுத் தெய்வங்களின் கீழே பாம்பு படையலை நோக்கி ஊர்கின்றது. உலகெங்கும் தானியம் உள்ள இடத்தில் எலியும், எலி உள்ள இடத்தில் பாம்பும் வந்தன. அதன் பின்னரே தெய்வக்கதை வந்தது எனக் கருதுதல் தகும்.

சாரை பெரிது, சிறு பாம்புகளின் நிலை என்ன? கண்டி மலைநாட்டுத் தோட்டங்களில் மண்ணைக் கிளறுவோர் விரல் பருமனான பாம்புகளை அடிக்கடி காண்பர். சிங்களத்தில் ‘மெடில்லா’ எனப்படுவது ஒருவகை. வால் நுனி மண்வெட்டியால் வெட்டுண்டது போன்ற மண்ணுளிப் பாம்புகள் மற்றொருவகை. இவற்றுள் ஓரினத்தை இலங்கையிற் பிறந்த மருத்துவர் கேலாட் 1853 இல் அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்தார். மண்புழுவே இவற்றின் உணவு. கடிக்க அறியாதவை, கையிலெடுத்தால் விரலைச் சுற்றிக்கொள்ளும். ஆயினும் ஈரமண்ணிலிருந்து பிரித்து அடைத்துவைத்தால் இவை நீடு வாழ்வதில்லை. வீட்டுக்குள்ளேயே தானாக வந்து வாழும் சிறுபாம்பு ‘ரதனகயா’. சுவர்ப் பல்லியே அதன் இரை. வெண்பட்டிகள் உடையதாகலின் அதனைக் கரவலா எனக் கருதி அடித்துக் கொல்வோர் பலர். கரவலாவின் முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரியனவாய் அறுகோணமாய் இருக்கும், ரதனகயாவுக்கு அவ்வாறில்லை. இதனை அறிய உயிருள்ள பாம்பை மிக அணுகிப் பார்க்க வேண்டும் என்பதே இடர். இதன் மறுபுறமும் உண்டு. மூக்கு மேல்நோக்கி வளைந்த ‘குணகட்டுவா’ என்னும் விரியன் ஒரு முழத்துக்கு மேல் வளர்வது அரிது. கண்டிப் பகுதித் தோட்டங்களில் இலைச்சருகினுள் கிடப்பது. அதன் கடியால் சிறுநீரகம் கெட்டு இறந்தோர் உளர். இலங்கை மருத்துவமனைகளில் நெடுங்காலம் வழங்கிவந்த இந்திய நஞ்சுமுறி மருந்து அதற்குப் பயன்படுவதில்லை. சிறியது ஆதலின் தீங்கற்றது என்று பாம்பைக் கையிலெடுக்கும் சிறுவன், நொக்ஸின் அயலவர் பெற்றிருந்த அறிவை இழந்தவனே.

அவ்வறிவு எப்போது குன்றியது என ஆண்டு குறித்துச் சொல்லல் அரிது. வைக்கோற்கூரை ஓடாகவும், ஓடு சீமெந்துத் தட்டாகவும் மாறியபோது சாரை கூரையை விட்டு அகன்றது. குதிர் போய்ச் சாக்கு வந்தது. எலிக்கு நஞ்சு வைக்கப்பட்டது; நஞ்சுண்ட எலியை உண்ட சாரையும் மடிந்தது. தமிழ்நாட்டிலோ சாரைக்கு நேர்ந்தது வேறு. அதன் தோல் கைப்பைக்கும் காலணிக்கும் விலைபோனமையால், எலி பிடிப்பதிலும் பாம்பு பிடிப்பதிலும் வல்லவரான இருளர் அதனை இலட்சக்கணக்கில் கொன்று விற்க நேர்ந்தது. 1972 இல் இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அத்தொழில் ஒடுங்கியது. 1978 இல் வடநெம்மேலியில் இருளரின் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, அதே கைகள் நாகத்திடமும் விரியனிடமும் நஞ்செடுத்து மருந்துக்கு வழங்கும் தொழிலுக்கு மாறின.

எலி மட்டும் எங்கும் குறையவில்லை. 2008 இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கியது. மாத்தளை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் பரவும் நோய் இது. அக்குறணை நகரூடே ஓடும் பிங்காஓயா கரைபுரளும்போதெல்லாம் கடைவீதி நீரில் மூழ்குவது வழக்கமாதலின், அவ்வூரார்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. வெள்ளம் வடியும்போது எலியும் வீட்டுள் ஒதுங்கும். அதனைத் தொடர்ந்து சாரையும் ஒதுங்கும். எலியைக் கண்டு முகஞ்சுளிப்பவர் சாரையைக் கண்டதும் தடியெடுக்கின்றனர்.

இன்று இலங்கையில் உள்நாட்டுப் பாம்புகளுட் பெரும்பாலானவற்றைப் பிடித்து அடைத்து வளர்த்தல் சட்டத்துக்கு மாறானது. 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன்மேல் வந்த திருத்தங்களும் அதனை விலக்குகின்றன. வொல்ஃப் கண்ட வீட்டுக்காரரை இச்சட்டம் தொடாது. அவரிடம் கூடும் இல்லை, கூடையும் இல்லை. கூரையில் ஒரு பொந்தும், வாழையிலையில் ஒரு துண்டு மீனுமே இருந்தன. பாம்பு தன் விருப்பில் வந்து தன் விருப்பில் போயிற்று. அவர் பெயரையும் ஊரையும் வொல்ஃப் எழுதாது விட்டார்.